உச்சிப் படி

மின்சாரம் காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை.
அப்புறம் இரவு ஒன்பதுக்கு,
வந்தால்.
ஐம்பத்தோராம் தெருவில் இது எல்லோருக்கும் தெரியும்.
என் மடிக்கணினியின் பேட்டரிக்குத்தான்
தினமும் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது.

வேலையை விட்டு நாற்பது நாள்.
இனி எனக்கு நானே முதலாளி என்று
கப்பல் சரக்கு ஆபீசில் எல்லோருக்கும்
மிட்டாய் கொடுத்துவிட்டு வந்தவள்.
இதுவரை ஐந்து சோதனை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
இரண்டு பேர் நன்றி சொன்னார்கள்.

ஆறாவது சிங்கப்பூரிலிருந்து.
மிஸ் ஃபெலிசியா,
பெயருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் சிரிப்பு.
கட்டடத் தொழிலாளர் பாதுகாப்புக் கையேடு,
பர்மியத்திலிருந்து தமிழுக்கு,
பக்கம் முப்பத்தொன்று முதல் முப்பத்தாறு வரை.
சின்னச் சோதனைதான், ஊதியம் கிடையாது,
பிடித்திருந்தால் நிறைய வேலை வரும்.

நிறைய என்றால் எத்தனை சொல்
என்று நான் கேட்கவில்லை.
இரண்டு காலை மின்சாரத்தையும்
ஓர் இரவின் ஜெனரேட்டர் கட்டணத்தையும்
தலைக்கவசத்துக்கும் கயிற்று முடிச்சுக்கும் கொடுத்தேன்.

கயிறு என்றதும் ஞாபகம் வருகிறது.
எங்கள் ஐந்தாம் மாடி பால்கனியிலிருந்து
தெரு வரைக்கும் ஒன்று தொங்குகிறது,
நுனியில் துணி கிளிப், இந்தப் பக்கம் மணி.
டீக்கடை மோ செட் கீழேயிருந்து இழுப்பான்.
நான் நோட்டைச் செருகி இறக்குவேன்,
லபெயே பை ஆடி ஆடி மேலே வரும்.
'முதலில் ஆறு பை அனுப்பு தம்பி,
பிடித்திருந்தால் நாளைக்கு நிறைய வாங்குகிறேன்'
என்று அவனிடம் சொல்லிப் பார்த்ததில்லை.
சொன்னால் கயிற்றைப் பிடித்து ஓர் இழு இழுப்பான்,
மணியோடு நானும் தெருவில் கிடப்பேன்.

முப்பத்தாறாம் பக்கத்தின் கடைசி வரி
பாதியில் நின்றது:
ஏணியின் உச்சிப் படியில்

அவ்வளவுதான்.
பர்மியத்திலும் வினை கடைசியில்தான் வரும், தமிழைப் போல,
கூலியைப் போல.
உச்சிப் படியில் என்ன?
ஏறலாமா, உட்காரலாமா,
பொழுது சாய்வதைப் பார்க்கலாமா?

அன்றைக்கு மோல்மீனிலிருந்து தில்லைநாயகி பேசினாள்.
அவளும் புதிதாக இறங்கியவள்.
'எனக்கு ஒரு டெஸ்ட் வந்தது, நேற்றே அனுப்பிவிட்டேன்.
விசித்திரம் பார், முதல் வரியே
ஒருபோதும் நிற்காதீர்கள் என்று தொடங்குகிறது.
எங்கே நிற்கக் கூடாது என்று
எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.'

நான் சொன்னேன், எங்கே என்று.

கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் சத்தமில்லை.
பிறகு அவள் சிரித்தாள்.
எனக்கு அது சிரிப்பாக இல்லை.
முப்பதுக்கு முன்னால் எத்தனை பேர்,
நாற்பத்திரண்டுக்குப் பின்னால் எத்தனை பேர்,
எந்தெந்த ஊரில், எந்தெந்த இருட்டில்,
ஆளுக்கு ஆறு பக்கம்.

பதில் எழுத உட்கார்ந்தேன்.
மன்னிக்கவும் என்று தொடங்கி அழித்தேன்.
தவறாக எண்ண வேண்டாம், அழித்தேன்.
நான் புதியவள்தான், இருந்தாலும்
என்பதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு அழித்தேன்.
ஒன்றும் அனுப்பாமலே விட்டுவிடலாம்தான்.
ஆனால் எங்கோ ஒரு சாரத்தில்,
மன்னார்குடியோ மதுராந்தகமோ, ஒருவன்
பாதி வாக்கியத்தைப் படித்துவிட்டு
ஏறிக்கொண்டிருக்கிறான்.

கடைசியில் போனது இது:

'ஏணியின் உச்சிப் படியில் ஒருபோதும் நிற்காதீர்கள்.
மாதிரி, ஐந்து சொல், இலவசம்.
மீதிப் பக்கங்கள் தயாராக இருக்கின்றன.
சொல்லுக்கு எட்டு சென்ட், பாதி முன்பணம்.'

போனதா என்றுகூடத் தெரியாது.
பொத்தானை அழுத்தும்போது மணி ஒன்று,
மின்விசிறி தன் பாட்டுக்கு வேகம் குறைந்து நின்றது.

பால்கனியில் மணி அடித்தது.
எட்டிப் பார்த்தேன், மோ செட்.
நேற்றைய டீயில் ஐநூறு சாட் பாக்கியாம்.
தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்கிறான்,
கொஞ்சமும் கூசாமல்,
கழுத்தை நிமிர்த்திக்கொண்டு.